எட்டு எழுத்துக்குள்

டக்.
மறுபடி டக்.
இரண்டே முக்கால் விநாடிக்கு ஒருமுறை
ஹெட்ஃபோனுக்குள் யாரோ நகம் வெட்டுகிறார்கள்.

முடிவும் தொடக்கமும் ஒட்டவில்லை.
அலை ஏறிக்கொண்டிருக்கையில் வெட்டிவிட்டேன்,
தொடக்கத்திலோ அது கீழே கிடக்கிறது.
இல்லாத படியில் கால் வைத்த சத்தம்தான்
அந்த டக்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
அந்தாதிக்கு எனக்கு இருபதுக்கு ஒன்பது.
இன்றைக்கு விளங்குகிறது:
கடைசிச் சொல்லை எடுத்து முதலில் வைத்தால் போதாது,
மூச்சும் அதே உயரத்தில் நிற்கவேணும்.
நூறு பாட்டு முடிந்து முதற்பாட்டுக்குத் திரும்புகிறவள்
இடறக்கூடாது.
அவர்களுக்கு ஓலை இருந்தது.
எனக்கு விநாடிக்கு நாற்பத்து நாலாயிரம் புள்ளி,
ஒரு பூச்சியக் கோடு,
காலை ஆறு மணிக்கு வேலை.

ஃபோவிங்கலில், தொங்கு ரயில் திரும்பும் வளைவுக்குக் கீழே
குடையும் ரெக்கோர்டருமாக நின்று பிடித்தது இது.
எல்லாரையும் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியாய்,
தன் வாலைத் தேடிப் போகும்போது
சக்கரம் இரும்பைக் கடிக்குமே, அந்த இடம் மட்டும்.
ரொட்டிக்கடைப் பெண் வெளியே வந்தாள்.
"ரயில் பழுதா?"
இல்லை, வடிவாய்க் கத்துகிறது என்றேன்.
அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இரவு இரண்டுக்குக் கிடைத்தது அந்தப் புள்ளி:
இரு முனையும் ஏறுமுகமாய்ப் பூச்சியத்தைத் தொடுகிற இடம்.
டக் இல்லை.
ரயில் திரும்பிக்கொண்டே இருந்தது.

ஆனால் யந்திரத்துக்கு வயிறு சின்னது.
சோலிங்கனில் ஒருவரிடம் நூற்றெண்பது யூரோவுக்கு வாங்கினது.
இடமில்லை, எதையாவது அழி என்கிறது
இரண்டு வரித் திரை.
தேவாலயக் கோரஸ் இருக்கிறது. கண்ணாடி மணி.
முப்பது வருஷமாய் ஒருவரும் தொடாத ஹெலிகொப்டர்.
அறுபத்து நாலில் சிதார்.

சிதார்.
"இந்த இடத்தில் உன் சிதாரைப் போடேன்" என்பான்
ஹென்ட்ரிக், ஒவ்வொரு வியாழனும்.
என் சிதார்!
நான் பிறந்தது ஹாகன் ஆஸ்பத்திரியில்.
அப்பா குளிர்பெட்டி திருத்தினார்.
எங்கள் பரம்பரையில் சிதாரைக் கண்ணால் கண்டவர்
இனித்தான் பிறக்கவேணும்.

ஹெலிகொப்டர் தப்பியது.
உறுதிதானா, என்று யந்திரம் கேட்டது.
இவ்வளவு மரியாதையாய் என்னை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.
ஓம்.

பெயர் எட்டு எழுத்துக்குள் வேணுமாம்.
ஜெர்மனில் ஃபோவிங்கலுக்கு ஒன்பது.
கடைசி எழுத்தை வுப்பர் ஆற்றில் போட்டேன்.
ஏறி முடியப் பத்தொன்பது நிமிடம்,
கேபிள் அசைந்தால் முதலிலிருந்து.
பூனையைக் குளியலறையில் பூட்டிவிட்டு
மூச்சையும் கொஞ்சம் பூட்டி வைத்தேன்.

வியாழன்.
ஹென்ட்ரிக் பழக்கத்தில் அறுபத்து நாலை அழுத்தினான்,
முழங்கை தவறி அடிமட்டக் கட்டையில் விழுந்தது.
இரண்டே முக்கால் பதினொன்றாய் நீண்டது.
கீச்சு இறங்கி, இறங்கி, வெறும் உறுமலாகி,
அதன் அடியிலிருந்து ஒரு ஆள்:

ஒண்டு...
ரெண்டு...

நான்தான்.
ஆண்குரலாய்த் தடித்த நான்.
குடைக்குள் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன்,
எனக்கே தெரியாமல்.
ஒண்டு. ரெண்டு.
மூண்டு வருமுன் வெட்டியிருக்கிறேன்.

"சிதார் எங்கே?" என்றான் ஹென்ட்ரிக்.

ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்த ஸ்வான்ட்யே
ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.
மூன்று சுற்றுக் கேட்டாள்.
நாலாவதில், ரெண்டுக்குப் பிறகு, ஒண்டுக்கு முன்,
நான் முழு இரவும் தேடித் துடைத்த
அதே மயிரிழை இடத்தில்
குச்சியை வைத்தாள்:

டக்.